உங்கள் கடிதங்கள், உங்கள் கணினியில்!

2011 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை. உலகின் பல ஊர்களில் ஜிமெயிலைத் திறந்தவர்களில் சிலர் உறைந்துபோனார்கள். பல ஆண்டுக் கடிதங்கள், ஃபோல்டர்கள், இணைத்து அனுப்பிய கோப்புகள் எதையும் காணோம். புதிதாகக் கணக்குத் தொடங்கியவரின் இன்பாக்ஸ் போலக் காலியாக இருந்தது திரை.

பாதிக்கப்பட்டவர்கள் ஜிமெயில் பயனாளர்களில் 0.02 சதவிகிதம்தான் என்று கூகுள் அறிவித்தது. சதவிகிதம் சிறியது, ஆனால் கடிதங்களை இழந்தவருக்கு அது முழு இழப்பு. ஒரே கடிதத்தைப் பல தரவு மையங்களில் பிரதி எடுத்து வைப்பது கூகுளின் வழக்கம். அப்படியிருந்தும், சேமிப்பு மென்பொருளில் செய்த மாற்றம் ஒன்றில் ஒளிந்திருந்த பிழை, ஒரே நேரத்தில் பல பிரதிகளைத் தாக்கிவிட்டது. கடைசியில் கைகொடுத்தவை காந்த நாடாக்கள். இணையத்தோடு இணைக்கப்படாமல் தனியாக வைத்திருந்ததால் அந்தப் பிழை அவற்றைத் தொடவில்லை. அந்த நாடாக்களிலிருந்துதான் கடிதங்கள் மீட்கப்பட்டன.

கூகுளிடம் நாடா இருந்தது. நம்மில் பலரிடம் என்ன இருக்கிறது? வீட்டுப் பத்திரத்தின் நகல், வருமான வரித் துறையின் கடிதம், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை உத்தரவு, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பிய குடும்பப் படங்கள் என்று எல்லாமே ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னால், எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் மட்டும் கிடக்கின்றன. பாஸ்வேர்டு மறந்தாலோ, கணக்கு முடங்கினாலோ, பதிவுசெய்த பழைய செல்போன் எண் கைவிட்டுப் போனாலோ, கடிதங்களும் போயின.

இதற்கு விலையில்லாத, எளிய, காலத்தால் சோதிக்கப்பட்ட ஒரு தீர்வு உண்டு. பிரவுசரில் மட்டுமே பார்த்துவரும் மின்னஞ்சல் கணக்கை, கணினியில் நிறுவிய ஓர் அஞ்சல் மென்பொருளோடு இணைப்பது. தண்டர்பேர்ட், அவுட்லுக், ஆப்பிள் மெயில் என்று பல மென்பொருள்கள் இதற்காகவே இருக்கின்றன. இணைப்பை ஏற்படுத்த அரை மணி நேரம் போதும். எதை ஏன் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால், பலன் பல ஆண்டுகளுக்கு.

மீட்டர் ஓடிய காலம்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டது. தொலைபேசி வழியே மோடம் கரகரத்துத்தான் இணைப்பு கிடைக்கும். ஒவ்வொரு நிமிடமும் காசு. அதனால் இணைப்புக் கிடைத்ததும் கடிதங்களை மொத்தமாக இறக்கிக்கொண்டு, உடனே இணைப்பைத் துண்டித்து, நிதானமாகப் படித்து, பதில்களை எழுதி அடுக்கிவைத்து, மறுபடி இணைந்து ஒரே மூச்சில் அனுப்பிவிடுவார்கள். அதற்குக் கைகொடுத்தவை யூடோரா போன்ற மென்பொருள்கள். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1988ல் ஸ்டீவ் டோர்னர் உருவாக்கியது யூடோரா. பிறகு விண்டோஸோடு சேர்ந்தே வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வீட்டுக்கு வீடு புகுந்தது.

1996 ஜூலை 4 அன்று எல்லாம் மாறத் தொடங்கியது. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவருடைய நண்பர் ஜேக் ஸ்மித்தும் அன்று ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். எந்த ஊரிலும், யாருடைய கணினியிலும், பிரவுசரைத் திறந்தால் போதும், கடிதம் வந்துவிடும். பிரவுசிங் சென்டர்கள் பெருகிய ஊர்களில் இது பெரிய விடுதலை. அடுத்த ஆண்டின் இறுதியிலேயே சுமார் 40 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது.

இந்த விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. கடிதம் இனி வாசகரின் கணினிக்கு வராது; வாசகர்தான் கடிதம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். போகும்போதெல்லாம் விளம்பரத்தையும் பார்க்க வேண்டும். கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் வழியை விளம்பர வருமானத்தில் வாழ்ந்த நிறுவனங்கள் விரும்பவில்லை. 2002ல் யாஹூ அந்த வசதியைக் கட்டணச் சேவையாக மாற்றியது. ஹாட்மெயிலும் 2004ல் புதிய இலவசப் பயனாளர்களுக்கு அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வழியை அடைத்தது.

பயனாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஒய்பாப்ஸ் என்ற இலவச மென்பொருள், யாஹூவின் வலைப்பக்கத்தை மனிதர் படிப்பது போலவே படித்து, கடிதங்களை உருவியெடுத்து அஞ்சல் மென்பொருளுக்குக் கொடுத்தது. ஃப்ரீபாப்ஸ் என்று இன்னொன்று. யாஹூ தன் பக்கத்தின் வடிவமைப்பை மாற்றும்போதெல்லாம் இவை செயலிழக்கும். ஆர்வலர்கள் உட்கார்ந்து திருத்துவார்கள். தங்கள் கடிதங்களின் நகலைத் தாங்களே வைத்துக்கொள்ள மக்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்கு இவை சாட்சி.

2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜி.பி. இடத்தோடு வந்த ஜிமெயில் போக்கை மாற்றியது. கடிதங்களைக் கணினிக்குக் கொண்டுவரும் பாப் என்ற வழியை அதே ஆண்டு நவம்பரிலும், ஐமேப் என்ற இன்னொரு வழியை 2007 அக்டோபரிலும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2009ல் ஹாட்மெயில் எல்லோருக்கும் பாப் வசதி தந்தது. அதன் வாரிசான அவுட்லுக்.காம் 2013ல் ஐமேப் தந்தது. இன்று ஜிமெயிலில் ஐமேப் எப்போதும் திறந்தே இருக்கிறது. அதை இயக்கவும் நிறுத்தவும் இருந்த பொத்தானையே 2025 ஜனவரியில் கூகுள் நீக்கிவிட்டது. வழி திறந்திருக்கும் காலத்தில் அதைப் பயன்படுத்தாமல் இருப்பது நமக்குத்தான் நஷ்டம்.

பாப் வேறு, ஐமேப் வேறு

இணைப்பை ஏற்படுத்தும்போது மென்பொருள் கேட்கும் முதல் முக்கியக் கேள்வி இதுதான்: பாப் வேண்டுமா, ஐமேப் வேண்டுமா? பலரும் யோசிக்காமல் ஒன்றைத் தட்டிவிட்டு, பிறகு திண்டாடுகிறார்கள்.

பாப் மூத்தது, 1984ல் வரையறுக்கப்பட்டது. அஞ்சலகத்தில் இருக்கும் தபால் பெட்டியைத் திறந்து, வந்த கடிதங்களை வீட்டுக்கு எடுத்துவருவது போன்றது. கடிதம் கணினிக்கு வந்துவிட்டால் சர்வரில் இருப்பதை அழித்துவிடலாம், விரும்பினால் விட்டுவைக்கலாம். ஆனால் படித்தது எது, படிக்காதது எது, எந்த ஃபோல்டரில் போட்டோம் என்ற விவரங்கள் சர்வருக்குத் திரும்பிப் போகாது. கணினியில் படித்து முடித்த கடிதம் செல்போனில் புதுக்கடிதமாகவே தெரியும்.

ஐமேப் 1986ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. இதில் மூலப்பிரதி சர்வரில் இருக்கும். கணினியும் செல்போனும் அதைப் பார்த்து ஒரே நிலைக்கு வந்துவிடும். ஓரிடத்தில் படித்தால் எல்லா இடத்திலும் படித்ததாகும். ஓரிடத்தில் ஃபோல்டர் உருவாக்கினால் எல்லா இடத்திலும் தோன்றும். ஓரிடத்தில் அழித்தால்? எல்லா இடத்திலும் அழியும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

செல்போன், மடிக்கணினி, அலுவலகக் கணினி என்று பல இடங்களில் கடிதம் பார்ப்பவருக்கு ஐமேப்தான் பொருந்தும். ஒரே ஒரு கணினி, சர்வரில் இடம் குறைவு, வருகிற கடிதங்களை இறக்கிவைத்தால் போதும் என்ற நிலையில் இருக்கும் சிறிய அலுவலகத்துக்கு இன்றும் பாப் பயன்படும். அப்படி பாப் தேர்ந்தெடுப்பவர்கள், சர்வரில் கடிதங்களை எத்தனை நாள் விட்டுவைப்பது என்று குறிக்கும் இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே 14 நாள் என்பது போன்ற கெடு இருந்தால், அதற்குப் பிறகு கணினியில் இருப்பதுதான் ஒரே பிரதி.

இணைப்பது எப்படி?

ஜிமெயிலைத் தண்டர்பேர்டோடு இணைப்பதை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் இலவச மென்பொருள் இது. மென்பொருளை நிறுவித் திறந்ததும் பெயர், மின்னஞ்சல் முகவரி இரண்டையும் கேட்கும். முகவரியில் சுழிக்குறிக்கு (@) பின்னால் இருக்கும் பகுதியைப் பார்த்து, அந்தச் சேவையின் சர்வர் விவரங்களைத் தன் தரவுத்தளத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடும். ஐமேப்பைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்தால், கூகுளின் நுழைவுப் பக்கம் ஒரு தனிச் சாளரத்தில் திறக்கும். அங்கே பாஸ்வேர்டு கொடுத்து, செல்போனில் வரும் உறுதிப்படுத்தலை ஏற்று, தண்டர்பேர்டுக்கு அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது. இடப்பக்கம் ஃபோல்டர்கள் வரிசையாகத் தோன்றும்.

மென்பொருளால் விவரங்களைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாதபோது நாமே நிரப்ப வேண்டும். சொந்த டொமைன் பெயரில் மின்னஞ்சல் வைத்திருக்கும் கடைகள், பள்ளிகள், சிறு நிறுவனங்களுக்கு இது அடிக்கடி நேரும். கேட்கப்படும் விவரங்கள் மிகச் சில. கடிதம் வாங்கும் சர்வரின் பெயர். அது ஐமேப் என்றால் கதவு எண் (போர்ட்) 993, பாப் என்றால் 995. கடிதம் அனுப்பும் சர்வரின் பெயர். கதவு எண் 465 அல்லது 587. பாதுகாப்பு முறை: 993, 995, 465 மூன்றுக்கும் எஸ்.எஸ்.எல். அல்லது டி.எல்.எஸ்.; 587க்கு ஸ்டார்ட் டி.எல்.எஸ். ஜிமெயிலில் வாங்கும் சர்வர் ‘ஐமேப் டாட் ஜிமெயில் டாட் காம்’, அனுப்பும் சர்வர் ‘எஸ்.எம்.டி.பி. டாட் ஜிமெயில் டாட் காம்’. டொமைன் மின்னஞ்சலுக்கான சர்வர் பெயரை இணையதளத்தைப் பராமரிக்கும் நிறுவனத்திடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். பயனர் பெயர் என்று கேட்கும் இடத்தில் பெரும்பாலும் முழு மின்னஞ்சல் முகவரியைத்தான் தர வேண்டும். சுழிக்குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் தட்டிவிட்டு, நுழைய முடியவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

ஜோஹோ மெயில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்னையில் தலைமையகம் கொண்ட இந்த நிறுவனம், கணக்கு எந்த நாட்டுத் தரவு மையத்தில் இருக்கிறதோ அதற்கேற்பச் சர்வர் பெயரைத் தருகிறது. இந்தியக் கணக்கு என்றால் முடிவில் ‘டாட் இன்’ வரும். பழைய குறிப்பைப் பார்த்து ‘டாட் காம்’ என்று போட்டால் பாஸ்வேர்டு தவறு என்றே பதில் வரும். ஜோஹோவின் செட்டிங்ஸில் ஐமேப்பை நாமே இயக்கவும் வேண்டும். சொந்த டொமைனுக்கான இலவசத் திட்டத்தில் அந்த வசதி கிடையாது.

கடிதங்களை முழுவதுமாக ரகசியக் குறியீட்டில் வைத்திருக்கும் சேவைகளின் நிலை வேறு. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலை நேரடியாக இணைக்க முடியாது. ‘பிரிட்ஜ்’ என்ற துணை மென்பொருளைக் கணினியில் ஓடவிட்டு அதன் வழியாகத்தான் இணைக்க வேண்டும். அதுவும் கட்டணம் செலுத்துபவர்களுக்கு மட்டும். ஜெர்மனியின் டூட்டா சேவையில் ஐமேப் வழியே இல்லை.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் நுழைய முடியவில்லை

அஞ்சல் மென்பொருளை அமைக்க முயன்று பாதியில் கைவிடுபவர்களில் பெரும்பாலானோர் நிற்கும் இடம் இது. பிரவுசரில் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது. மென்பொருளில் கொடுத்தால் தவறு என்கிறது. ஐந்தாறு முறை முயன்றால் கணக்கே தற்காலிகமாகப் பூட்டிக்கொள்கிறது.

காரணம் எளிது. பெரிய நிறுவனங்கள் வெறும் பாஸ்வேர்டை மட்டும் ஏற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டன. தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் இதை நிறுத்தியது. அவுட்லுக்.காம், ஹாட்மெயில் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதற்குப் பதிலாக வந்தது ஓஆத் என்ற முறை. இதில் பாஸ்வேர்டை மென்பொருளிடம் தருவதில்லை. கூகுளின் பக்கத்திலேயே நுழைகிறோம். கூகுள் அந்த மென்பொருளுக்கு ஓர் அனுமதிச் சீட்டை வழங்குகிறது. சந்தேகம் வந்தால் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் அந்தச் சீட்டை மட்டும் ரத்து செய்துவிடலாம். பாஸ்வேர்டை மாற்ற வேண்டியதில்லை. பயனாளருக்கு இது உண்மையிலேயே நல்லது.

சிக்கல் பழைய மென்பொருள்களுக்குத்தான். அவுட்லுக் 2010 போன்றவற்றுக்கு ஓஆத் தெரியாது. ஜிமெயிலைப் பொறுத்தவரை இதற்கு ஒரு மாற்று வழி உண்டு: ஆப் பாஸ்வேர்டு. கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிய பிறகு, குறிப்பிட்ட ஒரு மென்பொருளுக்காக மட்டும் 16 எழுத்து கொண்ட தனிப் பாஸ்வேர்டை உருவாக்கிக்கொள்ளலாம். வழக்கமான பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் அதைத் தர வேண்டும். யாஹூவிலும் இதே முறை இருக்கிறது. அவுட்லுக்.காம் கணக்குக்கு ஓஆத் தெரிந்த புதிய மென்பொருள் கட்டாயம். அதோடு அதன் செட்டிங்ஸில் ஐமேப், பாப் அனுமதியை நாமே இயக்க வேண்டும்.

ஒரே கடிதம் எத்தனை முறை?

இணைப்பு வெற்றி. கடிதங்கள் கொட்டத் தொடங்குகின்றன. சற்று நேரத்தில் ஒரு குழப்பம்: ஒரே கடிதம் இன்பாக்ஸிலும் இருக்கிறது, ‘ஆல் மெயில்’ என்ற ஃபோல்டரிலும் இருக்கிறது, ‘இம்பார்ட்டன்ட்’ என்பதிலும் இருக்கிறது.

ஜிமெயிலின் உள்ளே ஃபோல்டர் என்று எதுவும் கிடையாது. எல்லாக் கடிதங்களும் ஒரே குவியலாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் மீதும் லேபிள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஐமேப்புக்கு லேபிள் தெரியாது. ஒவ்வொரு லேபிளையும் அது ஃபோல்டராகவே பார்க்கிறது. மூன்று லேபிள் ஒட்டிய கடிதம் மூன்று ஃபோல்டரில் தெரிவது அதனால்தான். ஜிமெயிலின் லேபிள் செட்டிங்ஸில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஐமேப்பில் காட்டு’ என்ற குறி இருக்கும். ‘இம்பார்ட்டன்ட்’ போன்ற தேவையில்லாதவற்றின் குறியை எடுத்துவிட்டால் கணினியின் இடம் மிச்சம். ‘ஆல் மெயில்’ ஃபோல்டரை மட்டும் விட்டுவைப்பது நல்லது. முழுப் பிரதி வேண்டுமென்றால் எல்லாக் கடிதமும் இருக்கும் இடம் அதுதான்.

அனுப்பிய கடிதங்களிலும் இதே இரட்டிப்பு வரலாம். ஜிமெயில் சர்வர் வழியே போகும் கடிதத்தின் பிரதியைக் கூகுளே ‘அனுப்பியவை’யில் சேர்த்துவிடுகிறது. மென்பொருளும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தால் இரண்டாகிவிடும். அப்படித் தெரிந்தால், மென்பொருளின் செட்டிங்ஸில் பிரதி வைக்கும் குறியை நீக்கிவிடலாம்.

முதல் இறக்கத்துக்குப் பொறுமை வேண்டும். ஐமேப் வழியே ஒரு நாளில் எவ்வளவு இறக்கலாம் என்பதற்குக் கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. அலுவலகக் கணக்குகளுக்கு அது 2,500 எம்.பி. பத்துப் பன்னிரண்டு ஜி.பி. சேர்ந்திருக்கும் கணக்கு முழுவதும் இறங்க ஐந்து நாள் ஆகலாம். நடுவில் பிழைச் செய்தி வந்தால் கணக்கை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மறுநாள் தொடர்ந்தால் விட்ட இடத்திலிருந்து வரும். ஒரு கணக்குக்கு ஒரே சமயத்தில் 15 இணைப்புகள்தான் என்ற வரம்பும் உண்டு. செல்போன், டேப்லெட், இரண்டு கணினி என்று எல்லாம் சேர்ந்து முட்டும்போது ‘இணைப்புகள் அதிகம்’ என்ற செய்தி வரும்; ஒன்றிரண்டை மூடினால் சரியாகிவிடும்.

அனுப்பும் வழியில் கவனம்

வாங்கும் சர்வரைச் சரியாக அமைத்துவிட்டு, அனுப்பும் சர்வரில் கோட்டை விடுபவர்கள் பலர். இரண்டும் தனித்தனி. அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. முறை 1982ல் ஜான் போஸ்டல் வகுத்தது. ஒருவரை ஒருவர் அறிந்த ஆய்வாளர்கள் மட்டும் இணையத்தில் இருந்த காலம் அது; அனுப்புபவர் யார் என்று அன்று யாரும் சரிபார்க்கவில்லை. அதே எளிமையைப் பின்னாளில் குப்பை மின்னஞ்சல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் பழைய 25ஆம் எண் கதவைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்துவிட்டன. இன்று நாம் 465, 587 எண்களையும் பாஸ்வேர்டையும் பயன்படுத்துகிறோம்.

ஒரே மென்பொருளில் இரண்டு மூன்று கணக்குகள் வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு முகவரிக்கும் அதற்குரிய அனுப்பும் சர்வரையே ஒதுக்க வேண்டும். கடை முகவரியிலிருந்து எழுதும் கடிதம் தனிப்பட்ட ஜிமெயிலின் சர்வர் வழியாகப் போனால், பெறுபவரின் சர்வருக்கு இரண்டும் பொருந்தாமல் தெரியும். கடிதம் ஸ்பேமுக்குள் விழும். விலைப்புள்ளி அனுப்பிய வியாபாரி பதிலுக்குக் காத்திருப்பார். வாடிக்கையாளர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்.

ஒத்திசைவு காப்பு ஆகாது

ஐமேப்பில் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும் என்று முன்பு நிறுத்திய இடத்துக்கு இப்போது வருவோம். ஐமேப்பில் இணைத்துவிட்டோம், எல்லாம் கணினியில் இருக்கிறது, இனிக் கவலையில்லை என்று நினைப்பது ஆபத்து. கணினியில் தெரிவது சர்வரின் பிரதிபலிப்பு. செல்போனில் தவறுதலாக நூறு கடிதங்களை அழித்தால், அடுத்த முறை ஒத்திசையும்போது கணினியிலும் அவை போய்விடும். ஜிமெயிலின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். பிறகு மீட்பு இல்லை. கணக்குக்குள் புகுந்த ஒருவர் எல்லாவற்றையும் அழித்தாலும் இதே கதிதான்.

உண்மையான காப்பு வேண்டுமென்றால், சர்வரோடு தொடர்பில்லாத இடத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும். தண்டர்பேர்டின் இடப்பக்கப் பட்டியலில் கடைசியாக ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே ஆண்டு வாரியாக ஃபோல்டர்களை உருவாக்கி, அந்தந்த ஆண்டின் கடிதங்களைத் தேர்ந்தெடுத்துப் பிரதி எடுக்கலாம். நகர்த்தக் கூடாது, பிரதிதான் எடுக்க வேண்டும்; நடுவில் இணைப்பு அறுந்தாலும் மூலம் சர்வரில் பத்திரமாக இருக்கும். பிரதி முழுமையாக வந்ததா என்று எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகு, இடம் தேவைப்பட்டால் சர்வரில் பழையவற்றை அழிக்கலாம்.

கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி., ஜிமெயிலுக்கு மட்டுமானதல்ல. டிரைவுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பிவிட்டால் புதிய கடிதங்கள் வராது. அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கும் கொள்கையை 2023 டிசம்பர் முதல் கூகுள் நடைமுறைப்படுத்துகிறது. மறைந்த பெற்றோரின் கணக்கில் இருக்கும் கடிதங்கள், படிப்புக் காலத்தில் தொடங்கிப் பிறகு மறந்த கணக்கு ஆகியவற்றுக்கு இந்தக் கெடு பொருந்தும். நுழைய வழி இருக்கும்போதே அவற்றை இறக்கிவைப்பது அவசியம்.

லோக்கல் ஃபோல்டரில் இருப்பவை எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. 1970களின் யூனிக்ஸ் காலத்திலிருந்து புழங்கும் வெற்றெழுத்து வடிவம் அது. யாருக்கும் உரிமைக் கட்டணம் தர வேண்டியதில்லை. தண்டர்பேர்ட் நாளைக்கே காணாமல் போனாலும் வேறு பல மென்பொருள்களால் அதைத் திறக்க முடியும். உதவி மெனுவில் இருக்கும் பழுதறியும் தகவல் பக்கம், இந்தக் கோப்புகள் கணினியில் எங்கே இருக்கின்றன என்று காட்டும். மென்பொருளை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துவைத்தால், கணினியே பழுதானாலும் கடிதங்கள் இருக்கும்.

கணினியில் கடிதங்கள் இருப்பதால் கணினியைப் பாதுகாப்பதும் நம் பொறுப்பாகிறது. தண்டர்பேர்டில் ‘பிரைமரி பாஸ்வேர்டு’ அமைக்காவிட்டால், அந்தக் கணினியில் உட்காரும் எவரும் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளைப் பார்த்துவிட முடியும். பலர் புழங்கும் அலுவலகக் கணினியில் இதை மறக்கவே கூடாது. மடிக்கணினி என்றால் டிஸ்கையே ரகசியக் குறியீட்டில் பூட்டும் வசதியையும் இயக்கிவைப்பது நல்லது.

எந்த மென்பொருள்?

விண்டோஸோடு வந்த ‘மெயில்’ செயலியின் ஆதரவை 2024 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதன் இடத்தில் புதிய அவுட்லுக்கை முன்வைக்கிறது. தோற்றத்தில் அது கணினி மென்பொருள். ஆனால் ஜிமெயில், யாஹூ போன்ற வேறு நிறுவனக் கணக்குகளை அதில் சேர்க்கும்போது, அந்தக் கடிதங்களை மைக்ரோசாஃப்டின் சர்வருக்கும் ஒத்திசைக்க அனுமதி கேட்கிறது. கடிதம் கணினிக்கு வர வேண்டும் என்று நினைத்துத் தொடங்கியவருக்கு, அது இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்கும் போகிறது. தெரிந்து சம்மதிப்பது வேறு, படிக்காமல் பொத்தானைத் தட்டுவது வேறு. பழைய அவுட்லுக்கில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஆனால் அது விலை கொடுத்து வாங்க வேண்டிய ஆபீஸ் தொகுப்பின் பகுதி.

மேக் கணினியில் ஆப்பிள் மெயிலும், லினக்ஸில் எவல்யூஷன், கேமெயில் ஆகியவையும் நன்றாகவே வேலை செய்கின்றன. தண்டர்பேர்டின் கதை தனியே சொல்லத் தக்கது. 2004 டிசம்பரில் அதன் முதல் முழுப் பதிப்பை வெளியிட்ட மொஸில்லா, 2012ல் தன் கவனத்தை அதிலிருந்து விலக்கிக்கொண்டது. எல்லோரும் வலை அஞ்சலுக்குப் போய்விட்டார்கள், இனி இது தேவைப்படாது என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. தன்னார்வலர்கள் அதைச் சாகவிடவில்லை. பயனாளர்களின் நன்கொடை பெருகியது. 2020ல் அதற்கென்றே எம்.இஸட்.எல்.ஏ. என்ற துணை நிறுவனம் உருவானது. 2023 ஜூலையில் ‘சூப்பர்நோவா’ என்ற பெயரில் புதுத் தோற்றத்தோடு வந்தது. 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டு செல்போனுக்கும் வந்துவிட்டது. கடிதங்களைத் தங்களிடமே வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் தந்த காசில் நிமிர்ந்து நிற்கும் மென்பொருள் இது.

தமிழ்க் கடிதங்களின் கதை

பிரதி எடுத்துவைப்பதன் அருமையைத் தமிழர்கள் நன்றாகவே அறிந்திருக்க வேண்டும். 1990களில் யூனிகோடு பரவுவதற்கு முன்பே சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, கனடா, ஐரோப்பா, தமிழ்நாடு என்று பல இடங்களில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் தமிழிலேயே எழுதிக்கொண்டார்கள். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் அதற்கு உதவின. ‘திஸ்கி’ என்ற எழுத்துக் குறியீடும் அப்படி நாடு கடந்து மின்னஞ்சலில் விவாதித்தே உருவானது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டேம், டேப் என்ற குறியீடுகளை ஏற்றது.

அந்தக் காலத்துக் கடிதத்தை இன்று பிரவுசரில் திறந்தால் புரியாத குறிகளின் குவியலாகத் தெரியும். கடிதம் கெட்டுவிடவில்லை, அதைப் படிக்கும் குறியீடு மாறிவிட்டது, அவ்வளவுதான். மூலக் கோப்பை அப்படியே கணினியில் வைத்திருப்பவர், குறியீடு மாற்றி ஒன்றின் வழியே அதை யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம். தமிழ்க் கணிமையின் தொடக்க கால விவாதங்கள், புலம்பெயர்ந்த குடும்பங்களின் உரையாடல்கள், சிற்றிதழ் ஆசிரியர்களின் கடிதப் போக்குவரத்து எல்லாம் இப்படிப்பட்ட பழைய கோப்புகளில் இருக்கின்றன. யூடோராவிலும் அவுட்லுக் எக்ஸ்பிரஸிலும் எழுதியவர்களின் பழைய ஹார்டு டிஸ்குகளில் அவை இன்னும் கிடக்கக்கூடும். அவற்றைத் தேடி எடுத்து யூனிகோடில் சேர்த்துவைப்பது, தமிழ் ஆவணக் காப்பில் அக்கறை உள்ளவர்கள் இப்போதே செய்ய வேண்டிய வேலை.

புதிதாக இணைப்பவர்கள் முடிவில் ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். பிரவுசரை மூடுங்கள். வைஃபையை நிறுத்துங்கள். தண்டர்பேர்டைத் திறந்து, பத்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடிதத்தைத் தேடுங்கள். அதோடு வந்த கோப்பையும் திறந்து பாருங்கள். திறந்தால் பிரதி உங்களிடம் இருக்கிறது. தலைப்பு மட்டும் தெரிந்து உள்ளே எதுவும் வரவில்லை என்றால், கணக்கு அமைப்பில் ‘ஒத்திசைவும் சேமிப்பும்’ என்ற பகுதிக்குப் போய், கடிதங்களை இந்தக் கணினியில் வைத்திரு என்ற குறி போடப்பட்டிருக்கிறதா, அண்மை நாள்களுக்கு மட்டும் என்று வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திருத்தி, ஓர் இரவு முழுக்கக் கணினியை ஓடவிட்டு, மறுநாள் காலை இணையத்தைத் துண்டித்து அதே கடிதத்தை மீண்டும் திறந்து பாருங்கள்.